இரண்டு காதுகளும் ஒரு போனும்

“ரெண்டையுமா?”

“ரெண்டையும்தான். ஒண்ணு மட்டும் எடுத்தா அதுல ஒண்ணும் தெரியாது. நல்லா இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது பார்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“சொன்னேன். சாப்பிட்டுட்டு இருந்தார். தட்டைத் தூக்கிட்டு டிவி பக்கம் போயிட்டார்.”

“சாப்பிடும்போதா சொன்னே?”

“வேற எப்ப சொல்றது? மத்த நேரமெல்லாம் அவர்தான் பேசுவார். வாய் நிறைய இருக்கும்போதுதான் எனக்குச் சந்தர்ப்பம்.”

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடியில் காய்ந்த போர்வையை அம்மாவும் நானும் மடித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு முனை. மடிப்பதற்காகக் கிட்டே வருவோம், இழுப்பதற்காக விலகிப்போவோம். கிட்டே வந்த ஒரு தடவையில், தான் இறந்த பிறகு தன் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவைக்கப் போவதாக அம்மா சொன்னாள்.

வெளியே தெரியும் மடலை அல்ல. அது யாருக்கு வேண்டும்? அதில் கம்மல் போடலாம், பிடித்துத் திருகலாம், அவ்வளவுதான். அம்மா சொன்னது உள்ளே, மண்டையோட்டின் அடியில் புதைந்திருக்கும் எலும்பை. உடம்பிலேயே மிகவும் கெட்டியான எலும்பு அது. கேட்கிற வேலை எல்லாம் அதற்குள்தான் நடக்கிறது.

அம்மா காது ஆராய்ச்சியாளர். இறந்தவர்களின் காதுகளை வெட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அவர்கள் உயிரோடு இருந்தபோது ஏன் கேட்காமல் போனது என்று எழுதுகிறவள். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாள். போர்வை மடித்தபடி அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேலே உள்ள பேச்சை நான் நடுவில் வெட்டி நிறுத்தியிருக்கிறேன். மீதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போர்வை பாதி மடிந்தபடியே இருக்கட்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அந்த மூதாட்டி ஜன்னலருகே நின்று பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைவில் எங்கோ ஒரு கோபுரத்தின் மணி—”

நான் படித்து வளர்ந்ததெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் முக்கியமான எவரும் ஒருமுறையாவது ஜன்னலருகே நிற்காமல் இருந்ததில்லை. நின்றால் பனி விழும். பனி விழுந்தால் பழைய காதல் நினைவுக்கு வரும். நான் பனியைப் பார்த்ததே கிடையாது. ஆனால் அதைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன்.

அம்மா இந்தத் தொடக்கத்தைப் படித்தாள். (எல்லா வரைவுகளையும் படித்தாள். நான் கொடுக்கவில்லை. அவளாக எடுத்து, பென்சிலால் ஓரத்தில் குறிப்பெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திருத்திய கை சும்மா இருக்காது.)

“யாருடி இந்த மூதாட்டி?”

“நீதான்.”

“எனக்கு முழுசா அறுபதுகூட ஆகலை, அதுக்குள்ள மூதாட்டியா? சரி, ஜன்னல் எங்கேருந்து வந்துச்சு? எங்க லேபுல ஜன்னலே கிடையாதே.”

“கதைக்காக ஒண்ணு வச்சேன்.”

“வச்சா வெயில் உள்ளே வந்து ஸ்லைடுல இருக்கற சாயமெல்லாம் வெளுத்துப்போயிடும். மொதல்ல அதை மூடு.”

மூடிவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரை மாதிரி இருந்தது. “காது என்பது உடம்பின் கதவுகளிலேயே பூட்ட முடியாத ஒரே கதவு. கண்ணை மூடலாம், வாயை மூடலாம், ஆனால்—” ஓரத்தில் பென்சில்: “உங்கப்பா தினமும் பூட்டறார்.”

அதுவும் போயிற்று. மூன்றாவதாகத்தான் நீங்கள் படித்த தொடக்கத்துக்கு வந்தேன். பேச்சின் நடுவில் தொடங்குவது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான். அம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அந்தப் பக்கத்திலிருந்து நாம் பேச ஆரம்பித்திருப்போம். அவள் தற்செயலாகத் திரும்பும்போது விஷயம் பாதி வந்திருக்கும். மீதியை வைத்து முழுசையும் கண்டுபிடித்துவிடுவாள். நீங்களும் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

3

அம்மாவின் இடது காது போனது ஒரு காலை நேரத்தில். நான் அப்போது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூடத்தில் போன் அடித்தது. அம்மா எடுத்துக் காதில் வைத்தாள். “போன் செத்துப்போச்சு,” என்றாள் அப்பாவிடம். அப்பா வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரோ ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா திரும்ப வாங்கி வலது காதில் வைத்தாள், கேட்டது. இடதுக்கு மாற்றினாள், ஒன்றுமில்லை. வலது, இடது, வலது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் பாவம், கடைசியில் வைத்துவிட்டார்.

ஊரில் உள்ளவர்களின் காதையெல்லாம் அறிந்தவளுக்குத் தன் காதுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வழியில்லை. உயிரோடு இருப்பவரின் உள்காதைத் திறந்தால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும். வெளியிலிருந்து எடுக்கும் படங்களில் அவ்வளவு நுணுக்கம் தெரியாது. அதுவரை அவள் ஆராய்ந்துகொண்டிருந்தது சீழ் வைக்கும் காது நோய்களை. அன்றிலிருந்து, ஒரே நாளில் காரணம் தெரியாமல் செவிடாகும் காதுகளுக்கு மாறினாள்.

வீடும் மாறியது. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இடது ஓரம் நிரந்தரம், எல்லாரும் வலப்பக்கம்தான். தெருவில் நடக்கும்போது அப்பா சட்டென்று சுற்றி வந்து அவளுடைய வலது பக்கம் சேர்ந்துகொள்வார். ஏதாவது ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் அம்மா கேட்கிற காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வாள். உலகமே தீர்ந்தது. “ஒத்தக்காது மகாராணி கோர்ட்டைக் கலைச்சுட்டாங்க,” என்பார் அப்பா.

அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அம்மாவுக்கு மட்டும் முடியவில்லை. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இருக்கை ஓட்டுபவருக்கு இடது பக்கத்தில் இருக்கிறது. “பிரேக், பிரேக்!” என்று அவர் கத்தக் கத்த அம்மா புன்னகையோடு ஓட்டிக்கொண்டு போய் ஒரு தபால் பெட்டியில் முட்டினாள். “நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு?” என்றாளாம்.

4

இப்போது லேப்.

கட்டடத்தின் நிலத்தடித் தளம். எந்நேரமும் டியூப் லைட். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். இறப்பதற்கு முன்பே எழுதிக்கொடுத்தவர்களின் எலும்புகள், இறந்ததும் வீட்டார் போன் செய்து சொன்னால், இங்கே வரும். வந்ததும் கெடாமல் இருக்க ஒரு திரவத்தில் போடுவார்கள். பிறகு எலும்பின் கெட்டித்தனம் போகும்வரை அமிலத்தில் ஊற வேண்டும். பிறகு பாகு மாதிரி ஒன்றில் இறக்கி, அது மெல்ல மெல்ல இறுகும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்கப்புறம்தான் கத்தி. முடியைவிட மெல்லிய துண்டுகளாக வெட்டுவார்கள்.

வெட்டியதில் பத்துக்கு ஒன்றுதான் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டப்படும். மற்ற ஒன்பதையும் எண் போட்டு ஸ்பிரிட்டில் போட்டு வைத்துவிடுவார்கள், பின்னால் யாராவது சந்தேகம் கேட்டால் எடுக்கலாம் என்று.

(இந்த வழக்கத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு எழுதுவது சுலபமாகிவிட்டது. கிழித்துப் போட்ட பக்கங்களுக்காக இப்போதெல்லாம் வருந்துவதில்லை. ஸ்பிரிட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். மூதாட்டி அங்கே இன்னும் ஜன்னலருகே நிற்கிறாள்.)

அந்தக் கண்ணாடித் துண்டில் என்ன தெரியும்? நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய். அதற்குள் வரிசையாக, மெல்லிய முடிகளோடு நிற்கும் செல்கள். சத்தத்தைப் பிடிப்பவை அவைதான். அவற்றுக்கு மேலே, கடை வாசலில் வெயிலுக்கு இழுத்துவிடும் திரை மாதிரி ஒரு சவ்வு. நல்ல காதில் இந்தத் திரை விரிந்திருக்கும். ஒரே நாளில் செவிடான காதுகளில் அது சுருண்டுகிடந்ததை அம்மா பார்த்தாள். கீழே பல செல்கள் அப்படியே இருந்தன. முதலில் திரை சுருள்கிறது, செல்கள் அதற்குப் பிறகுதான் சாகின்றன என்பது அவளுடைய கட்சி.

இது சரியாக இருந்தால் அதன் பொருள் பெரிது. காலையில் எழுந்து ‘போன் செத்துப்போச்சு’ என்று சொல்லும் ஒருவருக்குக் காது இன்னும் சாகவில்லை, காப்பாற்ற நேரம் இருக்கிறது என்று ஆகிவிடும். அம்மா தன் வேலைக்காலத்தின் பெரும்பகுதியை இந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்திருக்கிறாள்.

5

எதிர்க்கட்சி என்று ஒருவர் இருக்கிறார். வேறொரு ஆஸ்பத்திரியில் இதே வேலை செய்பவர். எங்கள் வீட்டில் அவரை வேறெப்படியும் அழைத்ததில்லை.

அம்மா தன் முதல் பெரிய கட்டுரையை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது திரையில் ஒரு படம் காட்டினாள். சவ்வு பூமொட்டு மாதிரி சுருண்டிருந்தது. மிகத் துல்லியமான படம். எதிர்க்கட்சி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த எலும்பு ஆள் செத்து எவ்வளவு நேரம் கழிச்சு வந்துச்சு?”

அம்மாவுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தாள். நீண்ட விடுமுறை ஒன்றின் நடுவில் வந்த எலும்பு அது. பிணவறையில் நாள்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறது. இறந்த பிறகு தாமதமானால் அந்தச் சவ்வு தானாகவே சுருளும். நோயே இல்லாத காதிலும் சுருளும். இருந்த படங்களிலேயே மிக அழகானதைத் தேர்ந்தெடுத்திருந்தாள், அது அழகாக இருந்ததே தாமதத்தால்தான். தன் பெயரிலேயே ஒரு திருத்தம் எழுதி அச்சுக்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எந்த எலும்பு வந்தாலும் வயதைக் கேட்பதற்கு முன், நோயைக் கேட்பதற்கு முன், அவள் கேட்கும் முதல் கேள்வி: “எப்ப போன் வந்துச்சு?” மீன்காரர் வாசலில் வந்து நின்றால்கூட அதே குரலில் “எப்ப பிடிச்சது?” என்பாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

சண்டை தீர ஒரே வழிதான் உண்டு. ஒரு பக்கம் திடீரென்று செவிடாகி, மறுபக்கம் நன்றாகக் கேட்ட ஒருவரின் இரண்டு காதுகளும் ஒன்றாக வர வேண்டும். ஒரே ஆள், ஒரே தாமதம், ஒரே திரவம், ஒரே கத்தி. செவிட்டுக் காதில் சவ்வு சுருண்டு, நல்ல காதில் விரிந்திருந்தால் அம்மா சொன்னது சரி. ஆனால் சீக்கிரம் வர வேண்டும். இறந்து சில மணி நேரத்துக்குள். நேரமாகிவிட்டால் இரண்டும் சுருண்டுவிடும், ஒன்றும் தெரியாது.

அப்படி ஒரு சோடி அவளுக்கு இதுவரை கிடைக்கவில்லை. ‘ஒரு பக்கம் போதுமே’ என்று சில குடும்பங்கள் சொல்லின. சில குடும்பங்கள் மறுநாள்தான் ஞாபகம் வந்து கூப்பிட்டன. அம்மா அவர்களைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. “துக்க வீட்டுல யாருக்குக் காது ஞாபகம் வரும்?” என்பாள்.

அவளுக்குத் தெரிந்தவரையில் பொருத்தமான சோடி ஒன்றுதான். அது அவள் தலையிலேயே இருக்கிறது.

6

லேபில் அவளுக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். நானும் போயிருந்தேன். எதிர்க்கட்சியும் வந்திருந்தார். இவ்வளவு வருஷமாக அந்தப் பட்டப்பெயரை மட்டும் கேட்டு, நான் மனசுக்குள் அவருக்குக் கறுப்புக் கோட்டும் கூர்மையான மூக்கும் போட்டு வைத்திருந்தேன். வந்தவர் தொப்பையும் ரப்பர் செருப்புமாக இருந்தார். கையில் இரண்டு பிஸ்கட்.

“உங்கம்மா ஜெயிச்சா மொதல்ல சந்தோஷப்படறவன் நான்தாம்மா,” என்றார் என்னிடம். “ஆனா ஜெயிக்க மாட்டாங்க.”

அம்மாவின் வலது காது அதைப் பிடித்துவிட்டது. “என் காது ரெண்டும் வருது, அப்ப பேசுங்க.”

“எங்கே வரும்? எல்லா வீட்டு மாதிரிதான். மறுநாள் சாயங்காலம் யாராவது ஞாபகம் வந்து கூப்பிடுவாங்க. லேட்டா வந்தா நான் ஒத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“லேட்டால்லாம் வராது. என் பொண்ணு கூரியர் கம்பெனில இருக்கா.”*

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“உங்க காதையும் எழுதி வைங்க சார்,” என்றாள் அம்மா.

“எனக்கு ரெண்டும் நல்லாக் கேட்குதே. உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல.”

“பரவாயில்ல. பொறாமை பிடிச்ச காது உள்ளே எப்படி இருக்கும்னு பார்த்துக்கலாம்.”

அவர் பிஸ்கட் புரையேறி இருமினார். அம்மா முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

* கூரியர் கம்பெனியில் நான் பார்சல் தூக்குவதில்லை. புகார் பிரிவில் போன் எடுக்கிறேன். “என் பார்சல் எங்கே?” என்று நாள் முழுக்க யாராவது கத்துவார்கள், அழுவார்கள், சாபம் விடுவார்கள். நான் எல்லாரிடமும் ஒரே குரலில் பேசுவேன். பெயர், முகவரி, பார்சல் எண், எத்தனை மணிக்கு அனுப்பியது. நடுங்காத குரல் என்று மேலதிகாரியே பாராட்டியிருக்கிறார். இந்தக் கதைக்கு இது தேவைப்படும் என்று எழுதத் தொடங்கியபோது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

7

அப்பா என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

கதைக்கு ஒரு தடை வேண்டும் அல்லவா? வரைவில் அவரை அதற்குத்தான் வைத்திருந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போனவர். வரைவில் அவர் மேசையைத் தட்டுகிறார்: “என் மனைவியை முழுசாத்தான் அனுப்பிவைப்பேன்! யாரும் ஒரு—”

எழுதிவிட்டு அவரைப் போய்ப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்க ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?”

“எதை?”

“அம்மா காதை.”

“நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்? அவ காது, அவ இஷ்டம். அவ சொல்றதைத் தடுக்க என்கிட்ட ரெண்டு பிரேக் இருந்தாலும் முடியாது.”

“அப்புறம் ஏன் எழுந்து போனீங்க?”

துணியைப் பிழிந்தார். மறுபடி நனைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“போன் பண்றது நான்தான்னு அவ நினைச்சுட்டு இருந்தா. என்னால முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் எழுந்தேன். நான் பொய் சொல்ல விரும்பலை. அந்த நேரத்துல எனக்கு அவ தெரிவாளா, அவ காது தெரியுமா? போனைக் கையில எடுத்தாலும் யாருக்குப் பண்ணணும்னு தெரியாம நிப்பேன். உன்கிட்ட கேட்கச் சொன்னதே நான்தான்.”

“என்னால மட்டும் முடியுமா?”

“அதை நான் எப்படிடா சொல்லுவேன்? நீ அவ பொண்ணு. நான் பார்த்தவரைக்கும் நீ தபால் பெட்டியில முட்டற ஆள்தான். ஆனா முட்டும்போதும் கை நடுங்காது.”

ஆகவே இந்தக் கதையில் வில்லன் இல்லை. எழுதிவைத்த வசனம் ஸ்பிரிட்டுக்குப் போய்விட்டது. தடை எதுவாக இருந்தாலும் அது என் பக்கம்தான்.

8

அம்மா ஓய்வுக்கு முன் ஒரு கடைசிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். முப்பது வருஷ ஸ்லைடுகள், இரண்டு கட்சி வாதங்கள், தன் பழைய தவறு, எல்லாம் அதில் இருக்கின்றன. முடிவு வாக்கியம் மட்டும் இல்லை. ‘இந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய சோடி ஒன்று உறுதி செய்யப்பட்டுள்ளது’ என்று எழுத வேண்டும். ‘உறுதி’ என்ற சொல்லை அவள் சும்மா போடமாட்டாள். போன் செய்வதற்கு ஆள் இருந்தால்தான் உறுதி. ஆராய்ச்சி இதழ்க்காரர்கள் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். “பொண்ணு பதில் சொல்லணும்,” என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

நானோ அவளுக்குப் பதில் சொல்லாமல் கதையின் மூன்று முடிவுகளை எழுதி, தெரிகிற மாதிரி மேசையில் வைத்தேன்.

(அ) அது நடக்கிறது. நான் உடனே போன் செய்கிறேன். வண்டி வருகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறோம். ஒரு நாள் லேபிலிருந்து கூப்பிடுகிறார்கள். இடது காதில் சவ்வு சுருண்டிருக்கிறது, வலது காதில் பாய் மாதிரி விரிந்திருக்கிறது. எதிர்க்கட்சி மைக்ரோஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொள்கிறார்.

பென்சில்: “அவர் கண்ணாடியே போடறதில்ல. ‘இன்னும் ஒரு சோடி வேணும்’னுதான் சொல்லுவார். சொல்லணும். அப்படி மாத்து.”

(ஆ) நான் உடனே போன் செய்கிறேன். காத்திருக்கிறோம். இரண்டு காதுகளிலும் சவ்வு விரிந்திருக்கிறது. சுருளவே இல்லை. நோய் அங்கே இல்லை. அம்மா நினைத்தது தவறு.

இதை எழுதும்போது கொஞ்சம் பயமாக இருந்தது. பென்சில்: “இதுவும் நல்ல முடிவு. மூணுல இதுதான் நல்லா எழுதியிருக்கே. அங்கே இல்லைன்னா வேற எங்கேயோ இருக்கு. அடுத்த ஆள் அங்கே போய்த் தேடலாம்ல?”

தன் வேலை முழுவதும் தவறாகிவிடும் பக்கத்தில் இவ்வளவு உற்சாகமாகக் குறிப்பெழுத யாரால் முடியும்? நான் படித்த நாவல்களில் மேதைகள் தோற்றதும் ஏரிக்குள் இறங்கி நடந்துபோவார்கள். எங்கள் வீட்டு மேதை பென்சிலைச் சீவி அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள்.

(இ) அது நடக்கிறது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். வலது பக்கம்தான், பழக்கம். ஏதோ பேசுகிறேன். யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். போன் என் கையிலேயே இருக்கிறது. வெளிச்சம் போனது எப்போது என்று தெரியவில்லை. எனக்கு ஞாபகம் வரும்போது—

இதற்குப் பக்கத்தில் பென்சில் இல்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் இல்லை. திருத்தாமல் ஒரு பக்கத்தை அவள் விட்டது இது ஒன்றுதான்.

மறுநாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நான் போன் கேட்டா நீ கதை குடுக்கற. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஸ்லைடு போடவா?”

“முடிவு இன்னும் வரலைம்மா.”

“எனக்கும்தான் வரலை. உனக்காவது நீயே எழுதிக்கலாம்.”

9

யோசித்துப் பார்த்தால் இந்தக் கதையின் முடிவை எப்படியும் படிக்க முடியாத ஒரே ஆள் அம்மாதான். எங்கள் இருவருக்கும் அது தெரியும். மற்ற எல்லாரும் படிப்பார்கள். எதிர்க்கட்சி படிப்பார், நான் படிப்பேன், என்றோ ஒரு காலையில் ஒரு பக்கம் கேட்காமல் எழும் யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், தெரியாமலேயே அதைப் படிப்பார். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் கடைசிப் பக்கத்தைப் படித்தவள். தன்னுடையதையும் யாரோ சரியாகப் படித்தால் போதும் என்று நினைக்கிறாள்.

நீங்கள் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான்காவதாக ஒன்று தோன்றினால் அதையும். நான் தேர்ந்தெடுத்து உங்கள் கையில் கொடுக்கப்போவதில்லை. என்னால் முடியாது என்பதற்காக அல்ல. ஒரு முடிவை இங்கே அச்சில் போட்டுவிட்டால் அம்மா அதைப் பதில் என்று எடுத்துக்கொள்வாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் உங்களுக்குச் சொல்வது முறையில்லை.

வெட்டி வைத்திருந்த மீதிப் பேச்சை மட்டும் தந்துவிடுகிறேன். அது உங்களுடையது.

போர்வை கடைசி மடிப்புக்கு வந்திருந்தது. அம்மா என் முனைகளை வாங்கிக்கொள்ளக் கிட்டே வந்தாள். வாங்கவில்லை. நான்கு கைகளும் ஒரே இடத்தில் இருந்தன.

“நாளெல்லாம் யார் யாரோ அழறாங்க, நீ அழாம அட்ரஸ் கேட்டு எழுதறே இல்ல?”

“அது வேலைம்மா.”

“இதுவும் வேலைன்னு வச்சுக்கோ. ஒரே ஒரு போன். லேபுல யாராவது எடுப்பாங்க. யாரு, எங்கே, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான் சொல்லணும். அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்.”

“சொல்லிட்டு?”

“சொல்லிட்டு வச்சுடு. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அழுதுக்கோ, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எந்தப் பக்கம் வேணா உட்கார்ந்து அழு, எனக்கு அன்னைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா மொதல்ல போன். அழுகை அதுக்கப்புறம். பண்றியாம்மா?”